காமாலை டாக்டரின் கல்லீரல்

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை முதல் மாத்திரையை விழுங்கினேன். உடம்பில் நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள் என்று டாக்டர் ஷமீமா சொன்னார். எழுதுகிறேன். அவரிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்துகொள்வேன்.

அம்பாசமுத்திரத்தில் வடிவு டாக்டர் என்றால் மஞ்சள் காமாலைக்கு. சித்த மருத்துவம் படித்துவிட்டு வந்து, கண்ணும் தோலும் மஞ்சளாய் வருகிறவர்களை இத்தனை காலமாகப் பார்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இப்போது என் கல்லீரலில் கட்டி. புற்றுநோய். பெரிய ரத்தக்குழாயை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் அறுத்தெடுக்க முடியாதாம். எப்போதோ என்னை அறியாமல் உள்ளே வந்த ஒரு வைரஸ் ஓசைப்படாமல் செய்த வேலை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அந்த ஷமீமா எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். அது எனக்குப் பிடித்தது. மற்றபடி அவரிடம் பிடிப்பதற்கு இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.

தம்பி திரவியம் நேற்று வந்திருந்தான். அப்பா கண்டுபிடித்த காமாலைச் சூரணத்தை அப்பா பெயரிலேயே டப்பாவில் அடைத்து, தென்காசி முதல் தூத்துக்குடி வரை விற்கிறவன். யாராவது கேட்டால் வயிற்றுப்புண் என்று சொல்லச் சொன்னான். காமாலை டாக்டருக்கே கல்லீரல் கெட்டுப்போச்சு என்றால் சூரணத்தை எவன் வாங்குவான் என்பது அவன் கவலை. நான் தலையாட்டியதாக நினைத்துக்கொண்டு போயிருக்கிறான். நான் காதோரம் வந்த கொசுவை விரட்டினேன்.

ஜூன் 4, புதன்

முதலில் வந்தது கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு அப்பளக்காரம்மா. என்ன டாக்டரம்மா முகம் இப்படி வெளிறிக் கிடக்கு என்று கேட்டாள். சொன்னேன். கல்லீரலில் புற்றுநோய், மாத்திரை சாப்பிடுகிறேன், கிளினிக் எப்போதும்போல நடக்கும் என்று சொன்னேன். மத்தியானத்துக்குள் தாலுகா ஆபீஸ் வரை செய்தி போய்விட்டது. சாயங்காலம் திரவியம் போனில் கத்தினான். போனைக் கம்பவுண்டர் எஸ்தரிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

உள்ளங்கை சிவந்திருக்கிறது, பச்சை மிளகாயை நாள் முழுக்க அரிந்த கை மாதிரி. பாதமும் அப்படியே. ரசம் சோறு இறங்கவில்லை. வயிற்றுப்போக்கு வேறு. எல்லாம் ஆஸ்பத்திரியில் மாத்திரையோடு அச்சடித்துக் கொடுத்த தாளில் உள்ளபடியே நடக்கிறது.

ஜூன் 16, திங்கள்

இன்று ஒரு குழந்தையின் நாடியைப் பார்க்க மணிக்கட்டில் விரலை வைத்தேன். எரிச்சல்தான் தெரிந்தது. நாடி தெரியவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், மூன்று நுனியும் தோல் தடித்துக் கொப்புளம் கட்டியிருக்கிறது. நாக்கையும் கண்ணையும் பார்த்து மருந்து கொடுத்து அனுப்பினேன். சரியான மருந்துதான்.

அதற்குப் பிறகு வந்தவர்களை எஸ்தர் புதன்கிழமை வரச் சொல்லிவிட்டாள். நான் சொல்லச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் எல்லாக் கதவின் கைப்பிடியிலும் பழைய வேட்டித் துணி சுற்றியிருக்கிறது. பாத்ரூம் குழாயில்கூட. இவர், என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒயரில் டேப் சுற்றுவதுபோலச் சுற்றி வைத்திருக்கிறார். இது என்ன கோலம் என்று கேட்டேன். பேப்பரைத் திருப்பினார்.

ஜூன் 17, செவ்வாய்

திருநெல்வேலி. ஷமீமாவோடு சண்டை. அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு கிரீம் எழுதினார். நானும் என் பக்கத்தைச் சொன்னேன். கைக்கு மருதாணி அரைத்துப் போடப்போகிறேன், வயிற்றுக்கு மாதுளம்பழத்தோல் கஷாயம் குடிக்கப்போகிறேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், எதையும் சேக்காதீங்க. எது எதோட மோதும்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லுதீங்க பாருங்க, அது நல்லது. எனக்கும் உங்க மாத்திரையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா எரியுத கை என் கை டாக்டர். இப்படியே போனா நான் உங்க மாத்திரையை நிப்பாட்டிருவேன். பாதிப் பேரு அப்படித்தான நிப்பாட்டுதாங்க?"

அவர் மறுக்கவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். முதலில் வெளிப்பூச்சு மட்டும். பொறுக்க முடியாத வயிற்றுக்கு அவருடைய மாத்திரை. அது அடங்காவிட்டால் மட்டும் மாதுளை. ஒரு நேரத்தில் ஒரு புதிய பொருள், அதற்கு முன்னாலும் பின்னாலும் ரத்தப் பரிசோதனை, அவருக்குத் தெரியாமல் எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. நான் ஒரு நிபந்தனை போட்டேன். மூலிகை என்றதும் முகத்தைச் சுளிக்கக்கூடாது. அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் சின்னப் பெண்.

ஜூன் 18, புதன்

பாக்கெட் மருதாணியில் என்ன ரசாயனம் கலந்திருக்கிறதோ, அதைத் தொடமாட்டேன். எஸ்தர் தன் வீட்டு வேலியிலிருந்து இலை கொண்டுவந்து அரைத்தாள். வலது கைக்கு ஆஸ்பத்திரி கிரீம் மட்டும். இடது கைக்குக் கிரீமும் மருதாணியும். ஷமீமாவுக்குக் கணக்குதானே வேண்டும், கொடுப்போம்.

ஜூலை 1, செவ்வாய்

இடது கையில் வெடிப்பு குறைந்திருக்கிறது. கொப்புளம் அமுங்கிவிட்டது. வலது கை இன்னும் எரிகிறது. ஷமீமா இரண்டையும் விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஒரு கையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஒரு கை போதும், அதைப் பார்த்து இன்னொரு கையைக் காப்பாற்றிக்கொள்வேன் என்றேன். இரத்தம் சரியாக இருக்கிறது. அவர் மாத்திரைக்கு அடங்காத வயிற்றை, அவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்த மாதுளைக் கஷாயம் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பெண், "வீட்ல கல்யாணமாக்கா?" என்று என் கையைப் பார்த்துக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

திரவியம் கோபத்தை விட்டுவிட்டு வந்தான். கையில் அப்பா சூரணம், புதிதாக இடித்தது. "அப்பா இருந்தா உனக்கு மொதல்ல இதைத்தான்க்கா குடுத்திருப்பாரு" என்றான். கண் கலங்கியிருந்தான். நான் சாப்பிடுவதாகச் சொல்லவில்லை. டப்பாவை அலமாரியில் வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

சூரணம் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். நல்ல வாசனை. ஒரு ஸ்பூன் தேனில் குழைத்துப் பார்த்தேன், பதம் சரியாக இருக்கிறதா என்பதற்காக.

ஜூலை 13, ஞாயிறு

பதம் சரியாகத்தான் இருக்கிறது. காலையும் மாலையும் பார்த்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

லேபில் ஏதோ தவறு. கல்லீரல் என்சைம் இப்படி மும்மடங்கு ஏறக் காரணமே இல்லை. புதிதாக ஏதாவது சேர்த்தீர்களா மேடம் என்று ஷமீமா கேட்டார். இல்லை என்றேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒரு லேபின் கவனக்குறைவுக்கு நான் மருந்தை இழக்க வேண்டுமாம்.

ஜூலை 24, வியாழன்

இங்கே அம்பையில் வேறொரு லேபில் ரத்தம் கொடுத்தேன். அதே எண். இன்னும் கொஞ்சம் கூட.

ஜூலை 25, வெள்ளி

சூரணத்தில் திப்பிலி இருக்கிறது. மிளகும் இருக்கிறது. கல்லூரியில் முதல் வருடமே படித்தது. திப்பிலி தான் குணம் செய்வதோடு, கூடப் போகிற மருந்தையும் உடம்புக்குள் தள்ளிக்கொண்டு போகும். அதற்காகத்தான் அதைச் சேர்ப்பதே. அப்படியானால் மாத்திரையையும் தள்ளிக்கொண்டுதானே போயிருக்கும்? அளவுக்கு மேல்? இதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. வேறு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மற்றவருக்கு என்றால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். என் வாய்க்குள் போகும்போது அது திப்பிலியாக இல்லை, அப்பாவாக இருந்தது.

ஷமீமாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "சொன்னீங்களே மேடம். சொல்லாமலே போயிருதவங்கதான் நெறைய" என்றார்.

டப்பாவை வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்தார் இவர். நான் பார்க்காத நேரத்தில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாத்திரை இல்லாமல் இரண்டு வாரம். உள்ளங்கை குழந்தையின் கை மாதிரி ஆறிவிட்டது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. என் கைக்கு விடுமுறை என்றால் கட்டிக்கும் விடுமுறை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

என்சைம் இறங்கிவிட்டது. நாளை முதல் மறுபடி மாத்திரை, கொஞ்சம் குறைந்த அளவில். எரியப்போகிறது. எஸ்தரிடம் இப்போதே இலை பறிக்கச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஸ்கேன். கட்டி சுருங்கியிருக்கிறது. "கொஞ்சம்தான் மேடம்" என்று ஷமீமா உடனே திருத்தினார். அவர் மேஜையில் இருந்த என் பழைய போட்டோக்களையும் இன்றைய கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எரிச்சல் தாங்காமல் மாத்திரையை விட்டுவிடாமல் இவ்வளவு தூரம் தாக்குப்பிடித்ததே பெரிது என்றார். தன்னிடம் வரும் வேறு சிலருக்கும் மருதாணி யோசனையைச் சொல்லலாமா, இலையை எப்படி அரைப்பது என்று கேட்டார். முகத்தைச் சுளிக்கவில்லை.

இருட்டுக்கடை வாசலில் கூட்டமாக இருந்தது. ஆனாலும் நின்று கால் கிலோ அல்வா வாங்கினேன். ஒரு விரல் அளவுதான் தின்ன முடிந்தது. மிச்சத்தை இவர் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு முகத்தைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்தார். அல்வாவில் நெய் அதிகம்.

செப்டம்பர் 20, சனி

எஸ்தர் போனைக் கொண்டுவந்து காட்டினாள். திரவியத்தின் கம்பெனி வெளியிட்ட வீடியோ. பத்து வருடத்துக்கு முன்னால் எடுத்த என் போட்டோ, பக்கத்தில் சூரண டப்பா. 'புற்றுக்கட்டியையே சுருக்கியது. டாக்டர் செண்பகவடிவு அவர்களே சாட்சி.'

போன் போட்டேன். நான் சூரணம் சாப்பிட்டதையும் ஸ்கேன் முடிவையும் இவரிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தான். நிதானமாகத்தான் பேசினான்.

"நீ சூரணம் சாப்பிட்டியா இல்லியா? கட்டி சுருங்கிச்சா இல்லியா? ரெண்டும் நெசந்தானக்கா. இதுல பொய் எங்க இருக்கு?"

சூரணம் சாப்பிட்டதால் என் மருந்தே நின்றுபோனதைச் சொன்னேன். அதற்கு ஆதாரம் இருக்கா என்றான். என்னிடம் இல்லை. வீடியோவை எடு என்றேன். பார்க்கிறேன் என்றான்.

செப்டம்பர் 29, திங்கள்

எடுக்கவில்லை. அவன் மகளுக்கு நிச்சயம் வருகிறது. அதற்குள் இதைப் பெரிதாக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். எனக்கும் திருநெல்வேலி, கிளினிக் என்று வேலை சரியாக இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து முப்பிடாதி என்று ஒரு பெண் வந்தாள். பீடி சுற்றுகிறவள். கூட அவள் புருஷன் சுடலைமுத்து. அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு. வயிறு உப்பி, கால் வீங்கியிருந்தது. அவளிடம் சூரண டப்பா இருந்தது. இது தீர்ந்துபோச்சு, டாக்டரம்மா கையால் ஒன்று வாங்கினால் ராசி என்று வந்திருக்கிறாள்.

அவருக்கும் என் நோய்தான். என் மாத்திரைதான். நிறுத்தி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

"ஏன் நிப்பாட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"கையும் காலும் புண்ணாப் போச்சு டாக்டரம்மா. ராத்திரி தூங்கவிடாம அழுதாக. உங்க படத்தைப் போன்ல பாத்தோம். உங்களுக்கே இதுல கொணமாயிட்டே, பெறவு அந்த வெசத்தை எதுக்குத் திங்கணும்னு நாந்தான் நிப்பாட்டுனேன்."

என் கைகளை விரித்து அவளுக்குக் காட்டினேன். மருதாணிச் சிவப்புக்கு அடியில் வெடிப்பு இருக்கிறது. நான் இன்று காலைகூட அந்த மாத்திரையைச் சாப்பிட்டேன் என்று சொன்னேன். அவள் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுடலைமுத்துதான் அவள் தோளைத் தட்டி, "நீ என்னத்தளா செய்வ, எந்திரி" என்றார்.

கார் வைத்து நானே அவர்களை ஷமீமாவிடம் கொண்டுபோய் விட்டேன். மற்ற நோயாளிகள் காத்திருந்துவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் எஸ்தர் போனைப் பிடிக்க, கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசினேன். எழுதி வைத்துப் படிக்கவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

"நான் அம்பாசமுத்திரம் செண்பகவடிவு. எனக்குக் கல்லீரல்ல புற்றுநோய். கட்டியைச் சுருக்குனது ஆஸ்பத்திரி மாத்திரை. அந்த மாத்திரை குடுத்த எரிச்சலைத் தாங்க வெச்சது ஆஸ்பத்திரிக் கிரீமும் மருதாணியும். வயித்துக்கு மாதுளைத்தோல். எல்லாம் என் கேன்சர் டாக்டருக்குத் தெரிஞ்சுதான் எடுத்தேன். எங்கப்பா சூரணத்தை மட்டும் அவங்களுக்குத் தெரியாமச் சாப்பிட்டேன். ரத்தப் பரிசோதனை கெட்டுப்போயி மாத்திரை நின்னுபோச்சு. அது காமாலைக்கு உள்ள மருந்து. இதுக்கு இல்ல. என் படத்தைப் பாத்து மாத்திரையை நிப்பாட்டுனவங்க யாரா இருந்தாலும் இன்னைக்கே உங்க டாக்டர்ட்ட போங்க. என் பேரைச் சொல்லி யாரும் சாக வேண்டாம்."

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று எஸ்தர் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஊரே பார்த்திருக்கிறது. சித்த மருத்துவர் ஒருவர் போனில் கூப்பிட்டு, சொந்த வைத்தியத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டாய் என்றார். என் கையை வந்து பாருங்கள், காட்டிக்கொடுத்தேனா காட்டியிருக்கிறேனா என்று தெரியும் என்றேன். எவரோ ஓர் ஆங்கில மருத்துவர், மருதாணியாவது மண்ணாங்கட்டியாவது, பச்சை மோசடி என்று எழுதியிருக்கிறார். உங்கள் நோயாளிகளில் எத்தனை பேர் எரிச்சல் தாங்காமல் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள் என்று கேட்டு எழுதினேன். இரண்டு பக்கத்திலும் வசவு வாங்குகிறவள் நடுவில் சரியாகத்தான் நிற்கிறாள்.

திரவியத்திடமிருந்து ஒன்றுமில்லை. அவன் வீடியோவை மட்டும் காணோம்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று திரவியம் மகளுக்கு நிச்சயம். எனக்கு அழைப்பில்லை. அவளுக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்காரவைத்தார்கள். இவருக்கு மட்டும் போன் வந்ததாம், நீங்க மட்டும் வாங்க அத்தான் என்று. இவர் போகவில்லை. சாயங்காலம் வரை ஓட்டை மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கிளினிக் வைத்து இத்தனை காலத்தில் இல்லாத வழக்கமாக, ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்தேன். மூன்று பேர் வந்தார்கள்.

நவம்பர் 6, வியாழன்

சுடலைமுத்து இறந்துவிட்டார். மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கும் நிலையில் அவர் கல்லீரல் இல்லை. விடாமல் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஷமீமாவிடம் கேட்டேன். "சொல்ல முடியாது மேடம்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாத அந்தப் பெண்ணை அப்போது கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

விக்கிரமசிங்கபுரத்துக்குப் போனேன். முப்பிடாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. எடுக்கவில்லை. பந்தலின் மறுபக்கம் திரவியம் நின்றுகொண்டிருந்தான். யார் சொல்லி வந்தான் என்று தெரியவில்லை. நான் கிளம்பும்போதும் அங்கேயே நின்றான்.

நவம்பர் 11, செவ்வாய்

ஸ்கேன். பழைய கட்டி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒரு புள்ளி. இந்த மாத்திரை இனி போதாது, வியாழக்கிழமையிலிருந்து வேறு மருந்து, நரம்பு வழியாக ஏற்றுவது. அதில் வேறு தொந்தரவுகள் வரலாம் என்று சொல்லி அச்சடித்த தாளை நீட்டினார் ஷமீமா. இந்த முறை அவரே கேட்டார்: "இதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு மேடம்? என்ன சேக்கலாம், என்ன சேக்கக்கூடாது, ரெண்டு பேரும் உக்காந்து பாத்துருவோம்." பார்த்தோம். இந்த மருந்தோடு உள்ளுக்கு இப்போதைக்கு எதுவுமே வேண்டாம் என்று முதலில் சொன்னது நான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முக்கூடல் தாண்டியது தெரியவில்லை, பாப்பாக்குடி தாண்டியதும் தெரியவில்லை. கண்டக்டர் வந்து தோளைத் தொட்டு, அம்பை வந்துட்டு இறங்குங்க என்றார்.

நவம்பர் 12, புதன்

காலையில் கிளினிக்குக்குத் திரவியம் வந்தான். நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து தன் முறை வரும்வரை காத்திருந்தான். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன், புதுசா புள்ளி வந்திருக்காமே, அத்தான் சொன்னாரு என்றான். ஆமாம் என்றேன். நாளைக்குத் தானே காரில் கூட்டிப்போவதாகச் சொன்னான். பஸ் இருக்கிறது என்றேன். காலையில் காரோடு வாசலில் நிற்பேன் என்றான்.

மேஜையிலிருந்த, மருந்து அரைக்கும் கல்வத்தைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு காலி டப்பாவின் லேபிளை எடுத்து என் முன்னால் விரித்தான்.

"அச்சுக்குக் குடுக்கணும். என்ன போடணும்னு நீ சொல்லுக்கா. எழுதிக்கிடுதேன்."

சொன்னேன். 'மஞ்சள் காமாலைக்கு மட்டும். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது. எடுத்துவரும் எந்த மருந்தையும் இதற்காக நிறுத்தக் கூடாது.' அவன் லேபிளின் ஓரத்தில் எறும்பு மாதிரி எழுதினான். நான் பேனாவை வாங்கி, அந்த எரிகிற விரலால் பிடித்து, எவ்வளவு பெரிய எழுத்து வேண்டும் என்று லேபிளின் நடுவில் போட்டுக் காட்டினேன்.

"இவ்வளவு பெருசாவா? அப்பா பேரு இருக்குத எடமே போயிருமே."

"அப்பா பேரைச் சின்னதாப் போடு" என்றேன். "அவரு கோவிச்சுக்கிட மாட்டாரு."